ஆக்சிமீட்டரை எப்போது விரலில் மாட்டுவது, எப்போது சம்புடத்துக்குள் போடுவது

எனக்கு சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய் அடைப்பு நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து ஏழு வருடம் முடிந்துவிட்டது. பீடி, சிகரெட், சுருட்டு எதையும் நான் கையால் தொட்டதில்லை. காரைக்குடிப் பக்கம் கல்யாண வீடுகளுக்கும் சாந்தி (அறுபதாம் கல்யாண) வீடுகளுக்கும் பலகாரம் போட்டுக் கொடுக்கிற குடும்பத்தில் வாக்கப்பட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் விறகடுப்பு முன்னால் உட்கார்ந்து தேன்குழலும் அதிரசமும் மனகோலமும் சுட்டதில் வந்த வியாதி இது. விறகுப் புகையும் சிகரெட் மாதிரியே நுரையீரலைக் கெடுக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அடுப்பை விட்டு எழுந்திருக்க முடிந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

2021-ல் கொரோனா இரண்டாவது அலை வந்தபோது சிங்கப்பூரில் இருக்கிற மகன் ஓர் ஆக்சிமீட்டருக்கு, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கிற கிளிப்புக்கு, ஏற்பாடு செய்தான். நல்ல எண்ணத்தில்தான். ஆனால் அது வீட்டுக்குள் வந்ததிலிருந்து காலையில் கண் விழித்தால் விரல், பல் தேய்த்தால் விரல், காப்பி குடித்தால் விரல், ராத்திரி ஒன்றுக்குப் போக எழுந்தால் விரல் என்று ஆகிவிட்டது. ஒரு நாள் பேத்தி பாடத்தை விட்டுவிட்டு நோட்டில் கோடு போட்டு எண்ணினாள். சாயங்காலத்துக்குள் 43 கோடு. அன்றைக்குத்தான் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. இந்தக் கிளிப்பை எப்படிப் பயன்படுத்துவது என்று டாக்டரிடமும், நெஞ்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண்ணிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏற்கெனவே நுரையீரல் நோய் இருக்கிறது என்று தெரிந்து மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கான குறிப்பு இது. புதிதாக மூச்சு வாங்குகிறது என்றால் இதைப் படித்துக்கொண்டு உட்காராமல் முதலில் டாக்டரைப் போய்ப் பாருங்கள்.

அந்த எண் எதைச் சொல்கிறது

உள்ளே ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. கிளிப்பின் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு வெளிச்சம் விரல் வழியாகப் போகிறது. ஒன்று கண்ணுக்குத் தெரிகிற சிவப்பு, இன்னொன்று தெரியாத அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் அந்த வெளிச்சங்களை வேறு வேறு அளவில் உறிஞ்சும். நாடி துடிக்கும்போது ஏறி இறங்குகிற பங்கை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்குப் போடுகிறது கருவி. 1974-ல் ஜப்பானில் தக்குவோ அவோயாகி என்ற பொறியாளர் கண்டுபிடித்த வழி இது. ஆக, ரத்தத்தை எடுத்து அளக்கவில்லை, வெளிச்சத்தை வைத்து மதிப்புப் போடுகிறது. மதிப்பு என்றால் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும். அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அங்கீகாரம் கொடுக்கிற எஃப்.டி.ஏ. 2021-ல் சொன்ன கணக்குப்படி, அங்கீகாரம் வாங்கிய கருவியே 90 என்று காட்டினால் ரத்தத்தில் உண்மையாக இருப்பது பெரும்பாலும் 86-க்கும் 94-க்கும் நடுவில் எங்கோ. இதைத் தெரிந்துகொண்ட பிறகு 93 எப்படி 92 ஆனது என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வதில் என்ன அர்த்தம் இருக்கிறது? ஒன்றிரண்டு புள்ளி ஏறி இறங்குவது கருவியின் இயல்பு.

நம் தோல் நிறம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இதை நம்மூரில் அதிகம் பேர் பேசுவதில்லை. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வில், கிளிப் 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில் ரத்தப் பரிசோதனையில் 88-க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம். கறுத்த தோலில் கருவி கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும் என்பதுதான் சேதி. அதனால் எண் நன்றாக இருக்கிறதே என்று உடம்பு சொல்வதைத் தள்ளிவிடவும் கூடாது. பயப்படுகிறவர்களுக்கும் இது பாடம், எதற்கும் அசையாத ஆட்களுக்கும் பாடம். என் வீட்டுக்காரர் இரண்டாவது வகை.

அப்புறம், இந்தக் கருவிக்குத் தெரியாத விஷயங்கள் சில உண்டு. கார்பன் டை ஆக்சைடு தேங்குவதை அது காட்டாது. ரத்தசோகை இருந்தால் உள்ள கொஞ்ச ரத்தமும் ஆக்சிஜன் ஏறி 97 என்று காட்டும், ஆனால் நான்கு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். மூடிய அறையில் கரி, விறகு எரிந்து கார்பன் மோனாக்சைடு என்கிற நச்சுவாயு உள்ளே போயிருந்தால் அதையும் ஆக்சிஜன் என்றே நினைத்து நல்ல எண்ணைக் காட்டும். அடுப்படியில் புகை மூட்டத்தில் உட்கார்ந்து தலை சுற்றுகிறது, ஆனால் எண் 98 என்றால் அந்த 98-ஐ நம்பாதீர்கள், வெளியே வாருங்கள்.

ஒழுங்காகப் பார்ப்பது எப்படி

பயந்து பார்த்த ரீடிங்குகளில் பாதி தப்பாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த விதம் அப்படி. மாடிப்படி இறங்கி வந்த கையோடு, இருமி முடித்த உடனே, குளித்துவிட்டு ஈரக் கையோடு. நுரையீரல் நோய்க்காரருக்கு அந்த நேரத்தில் எண் இறங்கத்தான் செய்யும். எனவே முதல் வேலை, சாய்மானம் உள்ள நாற்காலியில் பத்து நிமிடம் உட்காருவது. ஊஞ்சல் வேண்டாம், ஆடும். பேச்சும் வேண்டாம், அந்தப் பத்து நிமிடம் போனும் வேண்டாம்.

கை சூடாக இருக்க வேண்டும். இது ரொம்ப முக்கியம். மார்கழி, தை மாதக் காலையில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்தால் என் விரல் நுனி விறைத்துப் போயிருக்கும், அப்போது 87, 86 என்று காட்டும், சில சமயம் கோடு மட்டும் போட்டுவிட்டு எண்ணே வராது. விரலுக்கு ரத்தம் சரியாக வரவில்லை என்றால் கருவிக்குப் படிக்க ஒன்றும் கிடைக்காது. இரண்டு கையையும் தேயுங்கள், இல்லை என்றால் காப்பி டம்ளரைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருங்கள். பி.பி. பார்க்கிற பட்டை கட்டியிருக்கிற கையில் பார்க்காதீர்கள், பட்டை இறுக்கும்போது ரத்த ஓட்டம் நின்றுவிடும்.

எந்த விரல்? ஆள்காட்டி விரல் அல்லது நடுவிரல், எதுவானாலும் தினமும் அதே விரல். எனக்கு வலது கை ஆள்காட்டி விரல் நுனி எண்ணெய் தெறித்துத் தெறித்துத் தோல் தடித்துப் போனது, அதனால் இடது நடுவிரலில் பார்க்கிறேன். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள். மருதாணி அழுத்தமாகப் பற்றியிருக்கும் விரலை விட்டுவிட்டு வேறு விரலைப் பாருங்கள். விசேஷ வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் பத்து விரலும் சிவந்திருந்தால், ஒரு விரலை மட்டும் விட்டுவைக்கும்படி அடுத்த முறை மருதாணி வைக்கிறவளிடம் சொல்லிவிடுங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன், அவள் சிரிப்பாள்.

வெயில் நேரடியாகப் படுகிற இடமும் ஆகாது. எங்கள் வளவில் பத்து மணிக்கு மேல் முற்றத்து வெயில் தூண் வரைக்கும் வந்துவிடும், அங்கே உட்கார்ந்து பார்த்தால் எண் தாவும். பட்டாலை மாதிரி உள்ளே நிழலான இடத்தில் உட்காருங்கள். கையை நெஞ்சு உயரத்தில் ஒரு தலையணை மேல் அசையாமல் வையுங்கள். மாட்டியவுடன் முதலில் தோன்றுகிற எண்ணை எழுதாதீர்கள். குறைந்தது அரை நிமிடம், முடிந்தால் ஒரு நிமிடம் விட்டு, எண் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்து, நின்ற எண்ணை எழுதுங்கள்.

இப்போது ஒரு சின்ன வித்தை. கருவியில் இரண்டு எண் இருக்கும், ஒன்று ஆக்சிஜன், மற்றது நாடித்துடிப்பு. மணிக்கட்டில் உங்கள் நாடியை நீங்களே ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். கருவி காட்டுகிற துடிப்பும் நீங்கள் எண்ணியதும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால்தான் பக்கத்தில் இருக்கிற ஆக்சிஜன் எண்ணை நம்பலாம். கருவி 130 என்கிறது, உங்கள் கை 80 என்கிறது என்றால், அது உங்கள் நாடியைப் பிடிக்கவில்லை, வேறு எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறது. துள்ளுகிற பட்டையோ அலைக்கோடோ உள்ள கருவி என்றால் அது சீராகத் துள்ளுகிறதா என்றும் கவனியுங்கள்.

எது எந்த எண் என்று தெரிந்து வைத்துக்கொள்வதும் அவசியம். ஒரு தடவை மகனிடம் போனில் 84 என்று சொல்லிவிட்டேன், அங்கிருந்தே 108-க்குப் போட வழி தேடிவிட்டான் பாவம். நான் படித்தது நாடித்துடிப்பு. அதைவிடப் பெரிய கூத்து நாத்தனார் வந்திருந்தபோது நடந்தது. நல்ல ஆரோக்கியமான மனுஷி, ஒரு இருமல் கிடையாது. சும்மா மாட்டிப் பார்த்தால் 86! அவருக்கு முகம் வெளுத்துவிட்டது, எனக்கு அவரை விட வெளுத்துவிட்டது, வண்டி எடுக்கச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டோம். பிறகு பேத்தி வந்து கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பத்தா, தலைகீழா படிக்கிறீங்க" என்றாள். எதிரே உட்கார்ந்து 98-ஐத் தலைகீழாகப் படித்தால் 86. நீங்களே எழுதித் திருப்பிப் பாருங்கள். விரலின் சொந்தக்காரர் பக்கமிருந்து படிக்க வேண்டும், கருவிக்குக் கருவி திரை திரும்பும் விதமும் மாறும்.

பேட்டரி தீரும்போதும் கிறுக்குத்தனமாகக் காட்டும். ஒரு ஜோடி கூடுதலாக வாங்கி வையுங்கள். டாக்டரிடம் போகும்போது உங்கள் கருவியையும் எடுத்துப்போய், அங்கே இருக்கிற கருவியோடு அடுத்தடுத்து ஒரே விரலில் மாட்டிப் பாருங்கள். என்னுடையது அங்கே உள்ளதை விட ஒரு புள்ளி குறைத்துக் காட்டுகிறது. அது தெரிந்ததே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

உங்கள் எண் எது

95-லிருந்து 100 வரை சாதாரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். நுரையீரல் நன்றாக இருப்பவர்களுக்கு அது சரி. கொரோனா சமயத்தில் 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று ஊரெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது, அந்த 94 இன்னும் நம் மண்டையை விட்டுப் போகவில்லை. எனக்கோ நல்லபடியாக இருக்கிற நாளிலேயே 92. அப்படியானால் நான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா? சி.ஓ.பி.டி.யில் என்னைப் போன்ற சிலருக்கு ஆக்சிஜன் வைக்கும்போதே 88 முதல் 92 வரைக்கும்தான் இலக்கு வைப்பார்கள், அதற்கு மேல் ஏற்றினால் கார்பன் டை ஆக்சைடு தேங்கி மயக்கம் வரலாம் என்பதால்.

அதனால் ஊர் எண்ணை விட்டுவிட்டு உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள். சளி, காய்ச்சல் இல்லாத இரண்டு வாரத்தைத் தேர்ந்தெடுத்து, காலை ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, மேலே சொன்ன மாதிரி உட்கார்ந்து பார்த்து நோட்டில் எழுதுங்கள். அடிக்கடி வருகிற எண்தான் உங்களுடையது. எனக்கு 92, சில நாள் 91, சில நாள் 93. அந்தப் பக்கத்தை டாக்டரிடம் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள். எந்த எண்ணுக்குக் கீழே இறங்கி எவ்வளவு நேரம் அப்படியே நின்றால் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும்? எந்த எண்ணில் நேராக ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்? அதுவரை வீட்டில் எந்த மருந்து எத்தனை தடவை எடுக்கலாம்? எனக்கு 88 நின்றால் போன், 85 நின்றால் கிளம்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இது என் எண், நீங்கள் எடுத்துக்கொள்ளாதீர்கள். நுரையீரல் தழும்பு நோய்க்காரருக்கு வேறாக இருக்கும், இதயமும் சேர்ந்து கெட்டிருந்தால் வேறு. எழுதி வாங்குங்கள், வாயால் சொன்னது பயத்தில் மறந்துபோகும். அந்தச் சீட்டு எங்கள் வீட்டில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

எண் எந்த விதத்தில் இறங்குகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். ஊருணியில் இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே நாலைந்து படி சாய்வாக, அகலமாக இருக்கும், ஒரு படி இறங்கினாலும் தண்ணீர் கணுக்கால்தான். 90-க்கு மேலே உள்ள எண்கள் அந்த மாதிரி, 96-லிருந்து 93-க்கு வந்தால் ரத்தம் சுமக்கிற ஆக்சிஜனில் பெரிய வித்தியாசம் இல்லை. 90-க்குக் கீழே போனால் படி முடிந்து சேறு ஆரம்பிக்கிற இடம், நுரையீரலில் சின்னப் பின்னடைவு ஏற்பட்டாலும் எண் மளமளவென்று சரியும். டாக்டர்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில் கவனமாக இருப்பது இதனால்தான்.

நடக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்பது தனிக் கதை. உட்கார்ந்தால் 94, நடந்தால் 84 என்று ஆகிறவர்கள் உண்டு, முக்கியமாக நுரையீரல் தழும்பு நோயில். ஆஸ்பத்திரியில் ஆறு நிமிடம் நடக்க வைத்துப் பார்ப்பார்கள், முதல் தடவை அங்கே பார்ப்பதுதான் நல்லது. டாக்டர் வீட்டில் பார்க்கலாம் என்று சொன்னால், துணைக்கு ஓர் ஆளும் வழியில் ஒரு நாற்காலியும் வேண்டும். எங்கள் பழைய வீடு இதற்கென்றே கட்டிய மாதிரி, முகப்பில் ஆரம்பித்தால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்ப் பின்வாசல் அடுத்த தெருவில் முடியும். ஒரு போக்கு, ஒரு வரத்து. நடக்கிற போதே கையை ஆட்டிக்கொண்டு பார்த்தால் கருவி உளறும். நின்று, கையை நெஞ்சில் வைத்துப் பாருங்கள். நின்ற பிறகும் அரை நிமிடம் வரை எண் இறங்கலாம், நுரையீரலில் நடப்பது விரல் நுனிக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். எவ்வளவு இறங்கியது என்பதோடு, உட்கார்ந்து எத்தனை நிமிடத்தில் பழைய எண்ணுக்கு வந்தது என்பதையும் எழுதுங்கள். எனக்கு இரண்டு நிமிடம். ஒரு தடவை ஏழு நிமிடம் ஆனது, மூன்றாம் நாள் சளி பச்சையாக வர ஆரம்பித்தது.

எண் குறைவாக வந்துவிட்டது, இப்போது என்ன

முதலில் உங்களைப் பாருங்கள், பிறகு கருவியை. கீழே சொல்கிறவற்றில் ஒன்று இருந்தாலும் எண் என்னவாக இருந்தாலும் சரி, திரும்பத் திரும்ப மாட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்: ஒரு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்லி முடிக்க முடியவில்லை, உதடோ நாக்கோ நீலம் பூத்திருக்கிறது, கூப்பிட்டால் தூக்கக் கலக்கமாகப் பதில் வருகிறது, பேச்சு குழறுகிறது, நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கிக் கூடவே மூச்சு அடைப்பு. வீட்டில் இருக்கிற எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் கலக்கமாக இருக்கிறவருக்குத் தான் கலக்கமாக இருப்பது தெரியாது.

அப்படி எதுவும் இல்லை, எண் மட்டும்தான் குறைவு என்றால், கருவியைக் கழற்றி வையுங்கள். ஆமாம், கழற்றுங்கள். மாட்டிக்கொண்டு முறைத்துப் பார்த்தால் பயம் ஏறும், பயம் ஏறினால் மூச்சு வேகமாகும், வேகமாக மூச்சு விட்டால் எங்கள் மாதிரி நுரையீரலில் உள்ளே போன காற்று முழுக்க வெளியே வராமல் தங்கும், தங்கினால் அடுத்த மூச்சுக்கு இடம் இருக்காது. முன்னால் சாய்ந்து உட்கார்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றுங்கள். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து நாலு எண்ணும் வரை மெதுவாக ஊதுங்கள். ஊதாங்குழலில் அடுப்பு ஊதிய எனக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை, வேகத்தை மட்டும் குறைக்கச் சொன்னார் அந்தப் பயிற்சிப் பெண், தணல் கிளம்பக் கூடாது, சாம்பல் கூட அசையக் கூடாது என்கிற அளவுக்கு. டாக்டர் அவசரத்துக்கு என்று எழுதிய இன்ஹேலர் இருந்தால் அவர் சொன்ன அளவில் எடுங்கள். கையைத் தேய்த்துச் சூடாக்கி, பத்து நிமிடம் கழித்து வேறு விரலில் பாருங்கள். பழைய எண்ணுக்கு வந்திருந்தால் நோட்டில் எழுதிவிட்டு வேலையைப் பாருங்கள். வரவில்லை என்றால் சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்யுங்கள். பாதி ராத்திரி ஆகிவிட்டதே, டாக்டரைத் தொந்தரவு செய்யலாமா என்று யோசிக்காதீர்கள்.

ஒரே நாளில் தடாலென்று விழுவதை விட, இரண்டு மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதுதான் எனக்கு அதிகம் நடந்திருக்கிறது. 92, 91, 90, 89. கூடவே சளி அதிகமாகும், நிறம் மாறும், ராத்திரி இரண்டு தலையணை மூன்றாகும், கணுக்காலில் கொலுசு அழுந்தும். இதைப் பிடிப்பதற்குத்தான் நோட்டு. ஒரு நாளைக்கு 43 தடவை பார்த்த காலத்தில் இது எனக்குத் தெரியவே இல்லை, அவ்வளவு எண்ணுக்குள் எது முக்கியம் என்று எப்படித் தெரியும்?

வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள்

நானும் ஒரு காலத்தில் கான்சன்ட்ரேட்டர், அதாவது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின், வாங்கித் தரச் சொல்லி அடம் பிடித்தேன், மூச்சு வாங்குகிறதே, காற்று கொடுத்தால் தீராதா என்று. டாக்டர் பொறுமையாக விளக்கினார். 2016-ல் அமெரிக்காவில் 738 பேரை வைத்துச் செய்த ஆய்வில், உட்கார்ந்திருக்கும்போது 89 முதல் 93 வரை உள்ளவர்களுக்கும், நடக்கும்போது மட்டும் ஓரளவு இறங்குகிறவர்களுக்கும் வீட்டில் ஆக்சிஜன் வைத்ததால் ஆயுளோ ஆஸ்பத்திரிப் போக்குவரத்தோ மாறவில்லை. உடம்பு நிதானமாக இருக்கிற நாளிலேயே 88 அல்லது அதற்குக் கீழே நிற்பவர்களுக்குத்தான் அது ஆயுளைக் கூட்டும், அதுவும் நாளுக்கு 15 மணி நேரமாவது வைத்துக்கொண்டால். எனக்கு மூச்சு வாங்குவது காற்று உள்ளே தேங்குவதால், ஆக்சிஜன் குறைவால் அல்ல. பணம் மிச்சம், கரண்ட் பில்லும் மிச்சம்.

உங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தால், எழுதிய அளவிலேயே வையுங்கள். எண் குறைந்தது என்று நீங்களாக 2 லிட்டரை 4 லிட்டர் ஆக்காதீர்கள். காலையில் தலைவலி, பகலில் தூக்கக் கலக்கம், கை நடுக்கம் வந்தால் கார்பன் டை ஆக்சைடு தேங்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், எண் அழகாக இருக்கும்போதே. குத்துவிளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது, சாம்பிராணி அந்த அறைக்கே வேண்டாம். மூக்கு வறண்டால் எண்ணெய், வாசலின் தடவக் கூடாது. கரண்ட் போனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே யோசித்து, மாற்றுக்கு ஒரு சிலிண்டர் இருக்கட்டும்.

பார்ப்பதைக் குறைப்பது

இது எனக்கு ஆறு மாதம் பிடித்தது. ஒரேயடியாக விட முடியவில்லை, விட்டால் கை தேடும். முதலில் ஒரு நாளைக்கு ஆறு என்று வைத்தேன், பிறகு நாலு, இப்போது காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, உடம்பு நன்றாக இருந்தால் சாயங்காலத்தையும் விட்டுவிடுவேன். கருவியைத் தலைமாட்டில் வைக்காதீர்கள். நான் ஒரு பழைய முறுக்குச் சம்புடத்தில் போட்டு மேல் அலமாரியில் வைத்துவிட்டேன், எடுக்க வேண்டும் என்றால் யாரையாவது கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் "எதுக்கு?" என்று கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்விக்குப் பயந்தே பாதி தடவை எடுக்கவில்லை. பார்க்கத் தோன்றினால் முதலில் நாலு தடவை உதட்டைக் குவித்து ஊதுவேன். அதற்குப் பிறகும் தோன்றினால் பார்ப்பேன்.

ராத்திரி விழித்துப் பார்ப்பதை மட்டும் முழுக்க நிறுத்துங்கள். தூக்கத்தில் எல்லோருக்கும் எண் கொஞ்சம் இறங்கும், நுரையீரல் நோய்க்காரருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. நடுராத்திரியில் ஒரு எண்ணைப் பார்த்து நீங்கள் எதையும் முடிவு செய்ய முடியாது. குறட்டை, காலைத் தலைவலி, பகல் தூக்கம் இருந்தால் ராத்திரி முழுக்கப் பதிவு செய்கிற சோதனை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

குன்றக்குடிப் படி ஏறிவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்து பார்க்காதீர்கள், கொடைக்கானல் போய்ப் பார்க்காதீர்கள். அங்கே 2,100 மீட்டர் உயரம், காற்றே மெலிசு, நல்ல நுரையீரல் உள்ளவர்களுக்கும் இறங்கும். விமானத்துக்குள்ளும் அப்படித்தான், உள்ளே இருக்கிற காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலை மேல் இருப்பதற்குச் சமம். மகன் சிங்கப்பூருக்குக் கூப்பிட்டபோது டிக்கெட் போடுவதற்கு முன் டாக்டரிடம் கேட்டேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள், போய் இறங்கி விரலை நீட்டுவதில் பயனில்லை.

வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. என் மகன் முன்பெல்லாம் போன் எடுத்தவுடன் "அம்மா, எவ்வளவு இருக்கு?" என்பான். நான் உடனே ஓடிப்போய் மாட்டுவேன், ஓடியதில் எண் இறங்கியிருக்கும், அதைக் கேட்டு அவன் தவிப்பான், அவன் தவிப்பதைப் பார்த்து எனக்கு மூச்சு அடைக்கும். இப்போது ஏற்பாடு வேறு. ஞாயிற்றுக்கிழமை பேத்தி நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுவாள், ஏழு நாள் எண்ணும் அதில் இருக்கும். மற்ற நாளில் அவன் கேட்பது மாடி வரைக்கும் ஏறினீர்களா, ராத்திரி எத்தனை தடவை இருமினீர்கள், சாப்பாடு இறங்கியதா என்பதைத்தான். போன வாரம் கந்தரப்பம் எப்படிச் சுடுவது என்று கேட்டான், கேஸ் அடுப்பில்தான் என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் பேசினேன், நடுவில் இரண்டே தடவைதான் நிறுத்தி மூச்சு வாங்கினேன். அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.